கண்ணாடி அலமாரிக்காரி

எங்கள் ஊரில் அவளை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "பொம்மப் புஸ்தகத்துக்காகக் கல்யாணத்த நிறுத்துனவ." இன்றைக்கும் ஏதாவது ஒரு வீட்டில் பெண் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டுப் பெரியவர்கள் அவளை இழுத்து வந்து உதாரணம் காட்டுவார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் எரிச்சல். உண்மையைச் சொல்லியே ஒருத்தியைக் கேலிப்பொருளாக்க முடியும் என்பதை நான் அவள் விஷயத்தில்தான் பார்த்தேன்.

பெயரை எழுதப்போவதில்லை. யாருக்கும் பயந்து அல்ல. பெயரைச் சொன்ன உடனே "ஓ, அவளா" என்று ஆரம்பித்து, தங்களுக்குத் தெரிந்த கதையைச் சொல்லி என் வாயை அடைத்துவிடுவார்கள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேரும் டைப்பிஸ்டுகள். புதிய துறைமுகத்துக்கு அப்போதுதான் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மதியம், எதிர் மேஜையில் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துவிட்டு, டைப்ரைட்டரின் மேல் ஒரு புத்தகத்தைச் சாய்த்து வைத்தாள். அட்டையில் ஒருவன் முதுகில் மேலங்கி விரிய ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தான். இறுக்கமான கால்சட்டை, அதற்கு மேலே ஜட்டி. அக்காவுக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நாசரேத் மிஷன் பள்ளியில் படித்தவள், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரின் மகள், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாடுகிறவள். ஒரு கையால் புளிச்சோற்றைப் பிசைந்தபடி மறு கையால் பக்கத்தைத் திருப்பினாள்.

பெரிய கிளார்க் அந்தப் பக்கம் போனவர் நின்றார். "என்னம்மா, வீட்டுல சின்னப் பிள்ளையளுக்கு வாங்குனதா?"

"எங்க வீட்டுல சின்னப் பிள்ளையளே கிடையாதே அண்ணாச்சி. எனக்கு வாங்குனது."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். அவளுடைய குணம் முழுவதும் அந்த ஒரு நிமிஷத்தில் இருந்தது. எனக்குத்தான் அது புரிய நாளாயிற்று.

நாங்களெல்லாம் அப்போது எதையாவது ஒளித்து வாசித்துக்கொண்டிருந்தவர்கள். தொடர்கதைப் பத்திரிகையைத் தலையணை உறைக்குள் வைத்திருப்போம். சினிமாப் பாட்டுப் புத்தகத்தை ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் செருகியிருப்போம். மிஷன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை. பழுப்புத் தாளில் அட்டை போட்டுவிட்டால் எந்தப் புத்தகமும் பரிசுத்தமாகிவிடும் என்று நம்பினோம். அக்கா தன் புத்தகங்களுக்கு அட்டை போட்டதே இல்லை. "அட்டப் படத்துக்காகத்தான பாதி வாங்குதேன். ஏளா, அதப் போயி மூடவா?" என்பாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு புத்தகக் கடை இருந்தது. அமெரிக்கப் படக்கதைகளைச் சிவகாசியில் தமிழாக்கி அச்சடித்து மாதா மாதம் அனுப்புவார்கள். புத்தகம் வந்த அன்று பள்ளிக்கூடத்துப் பையன்கள் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் சேலை கட்டிய ஒரே ஆள் அக்காதான். பையன்களோடு வரிசையில் நிற்பாள். "டீச்சர் முன்னால போங்க" என்று யாராவது விலகினால், "நான் டீச்சர் இல்லலே. நீ முதல்ல வந்த, நீ முதல்ல வாங்கு" என்பாள். கடைக்காரர் ஒவ்வொரு மாதமும் மறக்காமல் "பிள்ளைக்கா?" என்று கேட்பார். அவளும் ஒவ்வொரு மாதமும் சலிக்காமல் "எனக்கு" என்பாள். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கே அலுப்பாக இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோருமே அவளுக்கு ஒரு பொய்யை எடுத்து நீட்டினார்கள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்ப் பதிப்பு மட்டும் அவளுக்குப் போதாது. அதன் அசல் ஆங்கிலப் புத்தகமும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அசலில் நாலு வர்ணத்தில் இருப்பது தமிழில் ஒரே மையில் வரும். பக்கம் போதாமல் சண்டையைப் பாதியில் வெட்டியிருப்பார்கள். "இங்கன பாருளா. அங்க இவளுக்கு முட்டு வரைக்கும்தான் பாவாடை. சிவகாசிக்கு வந்த உடனே கணுக்கால் வரைக்கும் மையால நீட்டிவிட்டுட்டான்." அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் வராது. நன்றாக ரசித்துச் சிரிப்பாள். "இவன் நீட்டுனது கதைக்கு இல்ல, நம்ம அப்பன்மாருக்கு."

அசல் புத்தகங்கள் கடல் வழியாக வந்தன. எங்கள் அலுவலகத்திலிருந்து படகில் போய்க் கப்பலேறி வேலையை முடித்துவருகிற ஒருவர் இருந்தார். கப்பல் சிப்பந்திகள் வாசித்துவிட்டு எறிவதை அவளுக்காகக் கேட்டு வாங்கிவருவார். இன்னொரு வழி, சங்கு கிடங்குக்குப் பக்கத்திலிருந்த பழைய பேப்பர் கடை. பொட்டலம் மடிக்க வெளிநாட்டுப் பழைய தாள்கள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அக்கா அங்கே போய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடுவாள். சங்கு நாற்றத்தில் எனக்குக் குமட்டும். அவளுக்கு மூக்கு என்ற ஒன்று இருப்பதாகவே தெரியாது.

ஒருமுறை நான் வாங்கிய மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தவள், மக்ரூனை என் மடியில் கொட்டிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த புத்தகத்தின் நடுப்பக்கம். அப்படியே என்னைக் கிளப்பிக்கொண்டு பேக்கரிக்குப் போனாள். மீதிப் பக்கங்கள் அன்று காலையிலேயே கேக்கும் பிஸ்கட்டும் சுற்றிப் போய்விட்டன. யார் யார் வாங்கினார்கள் என்று கடைக்காரரைக் கேட்டு, அவர் நினைவிலிருந்து சொன்ன வீடுகளுக்கெல்லாம் போனோம். "நீங்க வாங்குன பலகாரம் சுத்துன தாள் இருக்கா?" என்று முன்பின் தெரியாத வாசல்களில் நின்று கேட்டாள். நான் தெருமுனையில் நின்றுகொள்கிறேன் என்றேன். விடவில்லை. ஒரு வீட்டம்மா அதை வைத்து அடுப்புப் பற்றவைத்துவிட்டதாகச் சொன்னாள். அக்கா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து, "எரிக்கதுக்கு முன்னால எந்தப் பக்கம்னு பாத்தியளா?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர்க் காற்று உப்புக் காற்று. ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். புத்தகத்தின் முதுகிலிருக்கும் இரண்டு பின்களுக்கு அது எம்மாத்திரம்? ஒரு மழைக்காலம் தாண்டினால் பின் துருப்பிடித்து, துரு தாளில் இறங்கி, நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். அதனால் புத்தகம் கைக்கு வந்த அன்றே பிளேடு முனையால் பின்களை நெம்பி எடுத்துவிட்டு, மெழுகு தடவிய வெள்ளை நூலால் தைத்துவிடுவாள். வெகுநாளைக்குப் பிறகு, மதராஸிலிருந்து இந்த மாதிரிப் புத்தகங்களைச் சேர்க்கிற ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். தையலைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார். பின்னைப் பிடுங்கினால் புத்தகத்தின் மதிப்பே போய்விடுமாம். அது அவள் செய்த பிழைதான், அவளுக்கு அந்த விஷயம் தெரியாது. தெரிந்த பிறகும் தைப்பதை நிறுத்தவில்லை. "உங்க ஊருல பின்னு இருக்கும். எங்க ஊருல புஸ்தகம் இருக்கும்" என்றாள். அவர் ஒன்றைக்கூட வாங்காமல் போனார். அவளும் ஒன்றைக்கூட விற்பதாக இல்லை.

மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் முதல் சனிக்கிழமை அவள் வீட்டு வாசல் ஒரு காட்சி. துணி காயப்போடும் கொடியில் புத்தகங்களை நடுவில் விரித்து வரிசையாகத் தொங்கப்போடுவாள். தலைமை ஆசிரியர் வீட்டு முன்பக்கம், முகமூடியும் மேலங்கியும் இறுக்கமான உடுப்புமாக முரட்டு ஆண்கள் காற்றில் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஜெபக் கூட்டத்துக்குப் போகிற பெண்கள் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கடப்பார்கள். தாழ்த்திய குடைக்குக் கீழே கண் மட்டும் கொடியை விட்டு நகராது. அவளுடைய அப்பா நல்ல மனிதர், கத்தத் தெரியாதவர். "பின்பக்கம் போட்டா என்னம்மா?" என்று கெஞ்சுவார்.

"பின்னால முருங்கை வெயில மறைக்குப்பா."

அது உண்மைதான். அவள் ஊரைச் சீண்டுவதற்காக எதையும் செய்ததில்லை. வெயில் இருந்த இடத்தில் காயப்போட்டாள். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்கும் பார்க்கவேண்டும் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. எங்கள் ஊருக்கு அந்த வித்தியாசம் கடைசிவரை பிடிபடவில்லை.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு தேக்கு அலமாரி செய்தாள். கதவுக்குக் கண்ணாடி போடச் சொன்னாள். அப்பாவுடைய வேத வியாக்கியானங்கள் மரக் கதவுக்குப் பின்னால் இருந்தன. இவளுடைய பறக்கிறவர்கள் முன் அறையில், வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் நேர் எதிரே கண்ணாடிக்குள் இருந்தார்கள்.

இவ்வளவு ஆசையாகச் சேர்த்தாளே, அந்த வீரர்களை அவள் கொண்டாடினாள் என்று நினைக்கவேண்டாம். அவர்கள் மேல் அவளுக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. "மலையத் தூக்குதான். குண்டு பட்டாலும் சாவ மாட்டேங்கான். ஆனா யாருன்னு சொல்லதுக்குப் பயம். பகல்ல ஒரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஆபீஸ்ல குனிஞ்சு நிக்கான். கட்டப்போற பொண்ணுகிட்டகூடச் சொல்ல மாட்டேங்கான். பயந்தாங்கொள்ளிப் பய." ஒரு நாளாவது ஒருவனாவது முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஊருக்கு நடுவில் நிற்பான் என்றுதான் ஒவ்வொரு மாதமும் வாங்குவதாகச் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாத்தான்குளத்திலிருந்து அந்த மாப்பிள்ளை வந்தார். உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர், அதே பள்ளியில் அவருடைய அப்பா தலைமை ஆசிரியர். அதற்கு முன்னால் வந்த வரன்களெல்லாம் அலமாரியைப் பார்த்துவிட்டுக் காப்பியோடு எழுந்துபோனவை. இவர் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தார். ஒன்றை எடுத்து, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கேயே உட்கார்ந்து வாசித்தார். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார். திங்கட்கிழமை அக்கா என்னிடம் இதை மூன்று தரம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர் எந்தக் கட்டத்தில் சிரித்தார் என்பதைச் சேர்த்துச் சொன்னாள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று குருவானவர் சபையைக் கேட்பார். கேட்பார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அறுப்பின் பண்டிகைக் காணிக்கை, வாலிபர் கூட்டம், ஓலை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அந்த மூன்று ஞாயிறும் கல்யாணப் பெண் கோயிலுக்கு வருவதில்லை. வெட்கமாம். வீட்டிலேயே இருந்துகொள்ளவேண்டும்.

முதல் ஓலை ஆயிற்று. இரண்டாம் ஓலையும் ஆயிற்று. அந்த வாரம் ஒரு மதியம் மாப்பிள்ளை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். அக்கா என்னை உட்காரச் சொன்னாள்.

"அம்மைக்குத்தான் மனசில்ல" என்றார். பேசவே சங்கடப்பட்டார். "ஹெட்மாஸ்டர் வீட்டு மருமக பொம்மப் புஸ்தகம் வாசிக்கான்னு ஊருல பேசுவாவன்னு சொல்லுதா. எனக்கு ஒண்ணும் இல்ல. நீ வாசி. கண்ணாடி அலமாரி மட்டும் அங்க வரவேண்டாம். டிரங்குப் பெட்டியில போட்டுப் பரண்ல ஏத்திருவோம். வேணுங்கும்போது கதவச் சாத்திக்கிட்டு எடுத்து வாசிச்சுக்க. நானும் வாசிப்பேன்."

"கதவச் சாத்திக்கிட்டா?"

"வெளிய தெரிய வேண்டாம்லா."

"அன்னைக்கு எங்க வீட்டுல அத்தன பேருக்கு முன்னால உக்காந்து வாசிச்சியளே."

 அவர் மறைக்கத் தெரியாமல் உண்மையைச் சொன்னார். "அது உங்க வீடுல்லா."

அவர் கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் எத்தனை ஆண்கள் அவ்வளவு தூரம் பஸ் ஏறிவந்து இவ்வளவு தன்மையாகப் பேசியிருப்பார்கள்? என்னிடம் கேட்டிருந்தால் சரி என்று சொல்லிவிடு அக்கா என்றுதான் சொல்லியிருப்பேன். பரண் என்ன, வீட்டுக்குள்தானே இருக்கிறது. அக்கா அவருக்குக் காப்பி வாங்கிவரச் சொல்லி, குடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்து, "எனக்கு இது சரிப்படாதுங்க" என்றாள். வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று அவர் எழுந்து போனார்.

வீட்டில் பேசினார்கள், அவளை விட்டுவிட்டு. பத்திரிகை அச்சுக்குப் போயாயிற்று, இரண்டு ஓலை வாசித்தாயிற்று, ஒரு அலமாரிக்காக நிறுத்துவதா என்று அவளுடைய அண்ணன் குதித்தான். "கொஞ்ச நாளைக்கு அனுசரிச்சுப் போம்மா" என்றார் அப்பா. புத்தகங்களை டிரங்குப் பெட்டிக்கு மாற்றிவிடுவதாக அவள் பெயரில் சாத்தான்குளத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் ஞாயிறு. நான் கோயிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டு முடிகிற நேரத்தில் அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன் வரிசையிலிருந்து பின் வரிசைவரை பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓலை வாசிக்கிற அன்றைக்கு வெட்கமில்லாமல் வந்துவிட்டாளே என்றுதான் நானும் நினைத்தேன். குருவானவர் அறிவிப்புகளை வாசித்தார். காணிக்கை, கூட்டம், ஓலை. "தடை ஏதேனும் உண்டென்று யாருக்காவது தெரிந்தால்" என்று வாசித்து முடித்து, கண்ணாடிக்குக் கையைக் கொண்டுபோனார்.

அக்கா எழுந்து நின்றாள்.

"தடை உண்டுங்க ஐயா. எனக்குத் தெரியும்."

சத்தம் போடவில்லை. ஆல்டோ பாடுகிற குரல்தான், கோயிலின் கடைசிவரை கேட்டது. குருவானவர் கண்ணாடியைக் கழற்றாமல், கையை எடுக்கவும் செய்யாமல் அப்படியே நின்றார். அந்தச் சபையில் அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததே கிடையாது. அந்தக் கேள்வி பெண்ணுக்கும்தான் என்று யாரும் நினைத்ததும் கிடையாது.

ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். குருவானவர், சபைக் கமிட்டியார் இரண்டு பேர், அப்பா, அண்ணன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். 

"மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?" என்று கேட்டார் குருவானவர்.

"இல்லங்க ஐயா. அவிய நல்லவிய."

"கட்டக்கூடாத உறவு முறை ஏதும்?"

"இல்லங்க."

"பொறவு என்னம்மா தடை?"

"எனக்குச் சம்மதமில்ல." காரணத்தையும் சொன்னாள். கண்ணாடி அலமாரி, டிரங்குப் பெட்டி, பரண், சாத்திய கதவு, எதையும் விடவில்லை.

கமிட்டியாரில் ஒருவர் சிரித்துவிட்டார். "பொம்மப் புஸ்தகத்துக்கா இவ்வளவும்?"

"ஆமா. பொம்மப் புஸ்தகத்துக்குத்தான்."

குருவானவர் கெட்டிக்காரர், இளகிய மனசும்கூட. குரலைத் தாழ்த்தினார். "இத வெளிய சொன்னா உனக்குத்தாம்மா அசிங்கம். உடம்புக்கு முடியல, டாக்டர் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம்ங்காருன்னு எழுதிக்கிடுதேன். ரெண்டு குடும்பத்துக்கும் மரியாதையா போயிரும். நாளைக்கு உனக்கு வேற வரன் வரணும்லா."

அறையிலிருந்த எல்லோருக்கும் மூச்சு வந்தது. அப்பா நன்றியோடு அவரைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிடு என்று நான் அவள் கையை அழுத்தினேன்.

"உடம்பு நல்லாத்தான் இருக்குங்க ஐயா" என்றாள் அக்கா. "சம்மதமில்லன்னே எழுதுங்க."

"வீட்டுக்குப் போனதும் அத்தனையும் எரிச்சிருதேன்" என்றான் அண்ணன். "பொறவு எந்தப் புஸ்தகத்துக்குன்னு சொல்லுவ?"

"எரிங்கண்ணே. எரிச்ச பொறவும் சம்மதமில்ல."

 குருவானவர் பேனாவை எடுத்து அவள் சொன்னபடியே எழுதினார்.

அண்ணன் சொன்னதைச் செய்தான். கண்ணாடியை உடைத்து, கைக்கு வந்ததை அள்ளிப்போய்க் கிணற்றடியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினான். இரண்டாம் தடவை அள்ள வந்தவனை அப்பா வழிமறித்து நின்றுகொண்டார்.  மேல் தட்டுகள் இரண்டும் போயின. மீதி தப்பியது. தப்பியதற்கு அப்பாவுக்கு நன்றி சொன்னாள், போனதற்கு அண்ணனிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். விஷயம் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. டைப் அடித்துக்கொண்டே அழுதாள். பாத்ரூமுக்குப் போகவில்லை, முந்தானையால் முகத்தைப் பொத்தவில்லை. கண்ணீர் பாட்டுக்கு வடிந்தது, விரல் பாட்டுக்கு ஓடியது. பெரிய கிளார்க் ஃபைலை நீட்டிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்தார்.

"புஸ்தகத்துக்கா அக்கா, அவியளுக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும்தான்" என்றாள். "நல்லா சிரிச்சாவ, அந்த எடத்துல."

அந்தச் சனிக்கிழமை பேப்பர் கடைக்கு மறுபடியும் போனோம், எரிந்துபோனவற்றைத் தேடுவதற்கு. உடைந்த கண்ணாடியை மாற்றப் பெரிய கண்ணாடியாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு வேறு வரன் வரவில்லை. ஊர் எதிர்பார்த்தது போல அவள் இடிந்துபோகவும் இல்லை. அடுத்த ஞாயிறு கோயிலில், பாடகர் குழுவில் அவளுக்கு இடமில்லை என்றார்கள். கீழே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அங்கிருந்தபடியே ஆல்டோ பாடினாள். முன் வரிசைப் பெண்கள் சுருதி தப்பினார்கள்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். ஊர் சொல்லாத ஒன்றை நான் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு எங்கள் குருவானவர் ஓலையை ஒரே மூச்சில் வாசிப்பதை விட்டுவிட்டார். மூன்றாம் ஓலை அன்று கல்யாணப் பெண் கோயிலில் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒருத்தி செய்த கூத்துக்காக வழக்கத்தையே மாற்றுவதா என்று கமிட்டியில் முணுமுணுத்தார்கள். அவர் அசையவில்லை.

சில வருஷம் கழித்து எனக்கு ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு அம்மா என்னை வீட்டிலேயே இருந்துகொள்ளச் சொன்னாள். குருவானவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை எனக்குப் பிடித்தவர், தடை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. குருவானவர் கேள்வியை வாசித்தார். வாசித்துவிட்டு நிறுத்தினார். தாளை மடிக்காமல் தலையைத் தூக்கிப் பெண்கள் பக்கம், என்னைப் பார்த்தார்.  வேண்டாம் என்று சொல்ல எனக்கு அங்கே இடம் இருந்தது. அந்த இடம் என் அம்மாவுக்கு இருந்ததில்லை, அவளுடைய அம்மாவுக்கும் இருந்ததில்லை. 

"கேக்காவல்லா" என்றாள் அக்கா மெதுவாக. "பதில் சொல்லுளா."

நான் நிமிர்ந்து சம்மதம் என்று தலையை அசைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் அடுத்த அறிவிப்புக்குப் போனார்.